மச்சானுக்குக் கொடுத்த நல்ல பிலிம்

நத்தாருக்கு மறுநாள் காலை. கோயில் முற்றத்துக் கிறிஸ்மஸ் பாலன் குடிலில் வைக்கோல்கூட இன்னும் அள்ளப்படவில்லை. அதற்குப் பக்கத்து மணலில் ஒரு வெள்ளைச் சீலையை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, ஊரே சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கிரகணம் பார்க்க வந்த சனம் வானத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை வெளியூரான் எவனாவது கண்டிருந்தால், செத்தவீடு என்றுதான் நினைத்திருப்பான். அப்படி நிற்கச் சொன்னவன் நான். பங்குச் சுவாமியிடம் கேட்டு மைக்கும் வாங்கி வைத்திருந்தேன்.

இரண்டு கம்பு நட்டு அதில் ஒரு பழைய ஓலைக் கிடுகைக் கட்டியிருந்தேன். கறையான் அரித்துப் பொத்தல் விழுந்த கிடுகு, வேறு ஒன்றுக்கும் உதவாது. அன்றைக்கு அதுதான் எங்களுடைய தூரதரிசனி. பொத்தலுக்கு ஒன்றாகச் சீலையில் சூரியன்கள் விழுந்தன. முதலில் வட்டமாய் இருந்தன. பிறகு ஆரோ கடித்த பிஸ்கட் போலாகி, மெலிந்து நகத்துண்டு போலாகின. ஒன்பதரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அவ்வளவும் ஒரேயடியாய் மோதிரங்களாயின. முற்றத்தில் ஒரு சத்தமில்லை. வெயில் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை. காகங்கள் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கத்தின.

எனக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் என் மச்சான் சவேரிமுத்து இருந்தான். என் தங்கச்சி றெஜினாவின் புருசன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. எல்லாரும் சீலையைப் பார்க்க, அவன் மட்டும் சீலைக்கு அப்பால் கிடந்த வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுதோ மச்சான்?" என்று கேட்டேன்.

"ஓம். பக்கத்தைப் பாத்தாத்தானே எனக்குத் தெரியும். பொன் மோதிரம் கொட்டிக் கிடக்கிற மாதிரிக் கிடக்கு."

அவன் ஏன் பக்கத்தைப் பார்க்கிறான் என்பதைத்தான் இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்த வாரம் எழுதப்போகிறேன். இத்தனை வாரமாய் இருட்டறைக் கதை, இடம்பெயர்ந்த கதை என்று உங்களுக்கு நான் அளந்ததெல்லாம் இதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கறுப்புக் கூடை

என் முதல் வேலை பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாய் வருகிறவர்களுக்காக ஒரு தடவை சுருக்கமாய்ச் சொல்கிறேன். கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், எக்ஸ்ரே பிரிவின் இருட்டறையில் பிலிம் கழுவுவது என் வேலை. சிவப்புக் குமிழ் ஒன்று எரியும். மருந்துத் தண்ணீரின் புளித்த மணம் சட்டையில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் போகாது.

நல்ல பிலிமில் எலும்பு வெள்ளையாகவும் நுரையீரல் கறுப்பாகவும் வரும். தவறிப்போய் வெளிச்சம் பட்டுவிட்டால் முழுப் பிலிமும் கரிச்சட்டி போல் கறுத்துவிடும். அப்படிப் பழுதானதையெல்லாம் ஒரு கூடையில் போட்டு வைப்போம். அதில் ஒன்றையும் வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வேலை போகும். எனக்கோ வேலை தற்காலிகம். நிரந்தரக் கடிதம் வரும் வரும் என்று மூன்று வருடமாய்க் காத்திருந்தேன்.

சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். ஒரு மாசி மாதத்தில், சனிக்கிழமை பின்னேரம் சூரிய கிரகணம் என்று ரேடியோ சொன்னது. வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னது. எதனால் பார்ப்பது என்று சொன்னதா என்பது நினைவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருக்கமாட்டோம். ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தோம்.

உலக்கையும் குருத்தோலையும்

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்தவர் ஒருவர் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம். வயல்காரர், சைவம். கிரகணத்தன்று அவர் வீட்டில் சமைக்கமாட்டார்கள். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போடுவார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு நடுவில் உலக்கையை நிறுத்தினால் அது பிடிக்காமலே நிற்குமாம், கிரகணம் விட்டதும் விழுமாம்.

"மற்ற நாளிலயும் நிக்கும்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

"மற்ற நாளில ஆர் நிப்பாட்டிப் பாத்தது?" என்றார்.

சிரித்தேனே தவிர, எங்கள் வீட்டில் நடந்ததும் சிரிப்புக்குக் குறைந்ததல்ல. குருத்தோலை ஞாயிற்றில் மந்திரித்த ஓலையை இடி மின்னலுக்கு எரிப்பது வழக்கம். என் அம்மா கிரகணத்துக்கும் எரித்தா. பிள்ளைத்தாச்சிகள் வெளியே வரக்கூடாது என்பதில் மட்டும் சைவமும் எங்கள் கத்தோலிக்க வேதமும் ஒரே கட்சி. அப்போது றெஜினாவுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

சந்திர கிரகணத்துக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அது நிழல் விழுந்த நிலவு. விடிய விடியப் பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றும் வராது. சூரியன் அப்படியல்ல. முக்கால்வாசி மறைந்து மங்கிக் கிடந்தாலும் மிச்சமிருக்கிற கீற்று சுடும்.

நல்லதாய் ஒன்று

ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேருக்குக் கறுப்புக் கூடையிலிருந்து ஒவ்வொன்று பின்கதவால் கொடுத்தேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் கெட்டித்தனமில்லை, அவர்களுடைய நல்ல காலம்.

ஊருக்கு பஸ்ஸில் வந்து சவேரிக்கும் ஒன்று கொடுத்தேன். அது வெள்ளிக்கிழமை. அவன் வள்ளத்தடியில் நின்றபடியே அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"என்ன மச்சான் இது? மின்மினி மாதிரித் தெரியுது. இதால என்னத்தைப் பாக்கிறது?"

"அவ்வளவுதான் தெரியும்."

"ஊராருக்கும் இதைத்தான் குடுத்தனியோ? நான் என்ன வழியால போறவனோ? நல்லதாப் பாத்து ஒண்டு கொண்டு வா."

சொந்தக்காரனுக்கு நல்லதாய் ஒன்று. எங்கள் நாட்டில் எந்தக் கந்தோரில் வேலை செய்தாலும் இந்த வசனத்துக்குத் தப்ப முடியாது. சனிக்கிழமை அரைநேர வேலை முடிந்து வரும்போது, ஆரும் எடுக்க வராமல் கிடந்த ஒரு நெஞ்சுப் பிலிமைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தேன். அருமையாய்க் கழுவப்பட்ட பிலிம். நான் கழுவியது. நுரையீரல் இருந்த இடத்தை இரண்டு கண்ணுக்கும் பொருந்துகிற அகலத்துக்கு வெட்டி அவன் கையில் கொடுத்தேன்.

அவன் ஒருதரம் சூரியனைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினான். "இது பிலிம்" என்றான்.

எனக்குப் பெருமையாய் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் முழுக்கக் கவிழ்த்து வைத்த வள்ளத்தில் சாய்ந்திருந்து பார்த்தான். நானும் அருகில் இருந்தேன். எனக்கு அந்தக் காலத்தில் தலையிடி அடிக்கடி வரும். ஒருதரம் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் விடவில்லை. ஆறேழு தடவை என்னைக் கூப்பிட்டு, சூரியனை நிழல் எவ்வளவு தின்றுவிட்டது என்று விரலால் காட்டினான். வேலிக்குள் நின்று றெஜினா கேட்டாள்: "எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்." அவன் திரும்பியும் பார்க்காமல், "நீ உள்ள போ, வயித்துப் பிள்ளையோட" என்றான். அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போனாள். இல்லாவிட்டால் அவளுடைய கண்ணும் போயிருக்கும்.

கண் கூசவில்லை, நோகவில்லை. அதனால்தான் அவ்வளவு நேரம் பார்த்தான். பிலிம் வெளிச்சத்தை மட்டும் மறைத்தது. சூடும் கண்ணுக்குத் தெரியாத மற்றக் கதிர்களும் அதற்குள்ளால் போய்க்கொண்டுதான் இருந்தன. கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் நோ தெரிகிற நரம்பு கிடையாது என்பதை நான் அறிந்தது பிறகு.

கோபுரம் இல்லை

சவேரி எங்கள் கரையில் பேர் பெற்ற கடலோடி. அவன் கெட்டித்தனம் கையில் இல்லை, கண்ணில் இருந்தது. கடலுக்கடியில் கல்லுப் பார்கள் இருக்கின்றன. விளைமீனும் கலவாயும் அங்கேதான் நிற்கும். தண்ணீருக்கு மேலே அதற்கு அடையாளம் கிடையாது. கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எங்கள் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கும் மொட்டைப் பனையும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு பார். கோபுரம் பனைக்கு ஒரு விரல் மேற்கே விலகினால் இன்னொன்று. அந்த ஒரு விரலை எட்டு மைல்கட்டைத் தூரத்திலிருந்து பிடிக்கிற கண் அவனுடையது. நாலு பேர் அவன் சொல்லுக்கு வள்ளத்தைத் திருப்பினார்கள்.

சனிக்கிழமை இரவே நடுக்கண்ணில் ஒரு மங்கல் இருந்ததாம். விளக்கைப் பார்த்தால் வருவது போல, போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டான். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. திங்கட்கிழமை விடியப் போனவர்கள் வெயில் ஏறுமுன்னமே வெறும் வள்ளத்தோடு திரும்பிவிட்டார்கள்.

அவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடி, "கோபுரம் இல்லை மச்சான்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

"பனை நிக்குது. பக்கத்துக் கூரையெல்லாம் நிக்குது. கோபுரத்தை நேராப் பாத்தா அந்த இடத்தில ஒண்டும் இல்லை. உன்னைப் பாக்கிறன், உனக்கும் மூஞ்சை இல்லை."

இரண்டு நாள் கழித்து விபூதிப் புதன். கோயிலில் எனக்கு முன்னால் அவன் நின்றான். சுவாமி நெற்றியில் சாம்பல் பூசும்போது அவன் அண்ணாந்து சுவாமியின் முகத்தைத் தேடினான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடினான். சாம்பலோடு சுவாமி சொல்லும், மண்ணாய் இருக்கிறாய் என்ற வார்த்தை அன்றைக்கு எனக்கென்றே சொன்னதாய்ப் பட்டது.

வெறுங்கண்ணாலதான்

வியாழக்கிழமை வெளியூர்க் கண் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கிரகணம் பார்த்தீரோ என்று கேட்டார். பிறகு கேட்டார்: "எதால பாத்தனீர்?"

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கத்தான் போனேன்.

"வெறுங்கண்ணாலதான் ஐயா" என்றான் சவேரி.

"விசரா உமக்கு?"

"ஓம் ஐயா."

மருந்து இல்லை என்றார் வைத்தியர். கொஞ்சம் தெளியலாம், முழுக்கத் தெளியாது, பக்கப் பார்வை இருக்கும், நடக்கலாம், நடுப்பார்வை போனது போனதுதான் என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவன்தான் முதலில் பேசினான். "நீ இதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. றெஜினாவுக்கும் சொல்லக் கூடாது. அவளுக்கு வாய் நிக்காது. ஆஸ்பத்திரிக்கு எட்டினா உன்ர வேலை போயிரும். நான் இனித் தொழிலுக்குப் போவனோ தெரியாது. உன்ர வேலையும் போனா ரெண்டு வீட்டிலயும் உலை வைக்க ஏலாது."

"பிலிம் எங்க?"

"அண்டைக்கே கடலில போட்டிட்டன்."

அவன் சொன்னது நியாயம் என்று நினைத்தேன். நியாயமும்தான். ஆனால் அந்த நியாயம் எனக்குச் சுகமாயும் இருந்தது.

அதன் பிறகு அவன் வள்ளத்தை வழிநடத்தவில்லை. கரைவலையில் கயிறு இழுக்கப் போனான். அதற்குக் கண் வேண்டாம், முதுகு போதும். நேற்று வரை அவன் சொல் கேட்டவர்களோடு கடைசி ஆளாய் நின்று இழுத்தான். ஊர் அவனுக்குச் 'சூரியனை முறைச்சவன்' என்று பட்டம் வைத்தது. றெஜினா வைத்தது அதைவிடப் பெரிது. அரிசியில் கல் கிடந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், அவள் ஏச்சு அங்கேதான் போய் முடியும். "விசரன் மாதிரி வெறுங்கண்ணால சூரியனைப் பாத்த மனுசனுக்குக் கழுத்தை நீட்டினன்." இன்னொன்றும் சொல்லுவாள்: "ஒரு நாளாவது முகத்தைப் பாத்துப் பேசுதோ இந்த மனுசன்? கதவைப் பாத்துக் கதைக்கும்."

நான் கேட்டுக்கொண்டு அவள் போட்ட தேத்தண்ணியைக் குடித்தேன்.

காரணம் போன பிறகும்

அடுத்த வருடம் நிரந்தரக் கடிதம் வந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பிறகு சண்டை வந்தது. இலுப்பைக்கடவையில் கொஞ்ச நாள், வெள்ளாங்குளத்தில் கொஞ்ச நாள் என்று ஒரே கூடாரத்துக்குள் இரண்டு குடும்பமும் கிடந்தோம். அங்கே ஒரு பின்னேரம் நிலவு சிவந்து அரைகுறையாய் எழும்பியது. சந்திர கிரகணம். சவேரி பனங்கூடலைப் பார்த்தபடி அதைப் பார்த்தான். "இது சுடாது, பயப்பிடாத" என்று என்னிடம் மெல்லமாய்ச் சொன்னான். அப்போதும் சொல்லியிருக்கலாம்.

ஊர் திரும்பினோம். நான் இளைப்பாறினேன். பென்சன்காரனை எவன் வேலையால் நிறுத்துவான்? காரணம் எப்போதோ போய்விட்டது. பேசாமல் இருந்த பழக்கம் மட்டும் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிமாரிடம் சொன்னேன், இரண்டு பேரிடம். இரண்டு பேரும் மன்னித்தார்கள். மன்னிக்க வேண்டியவள் இரண்டு வளவு தள்ளி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

நத்தார் கிரகணம் வருகிறது என்று அறிந்ததும் எனக்கு நித்திரை போனது. இரண்டு வாரம் வீடு வீடாய்ப் போனேன். புகைபிடித்த கண்ணாடி வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம், தண்ணீர்ச் சட்டிக்குள் பார்ப்பதும் வேண்டாம் என்று சொன்னேன். இரும்பு ஒட்டுவேலைக்காரரின் பதினாலாம் நம்பர்க் கண்ணாடி என்றால் சரி, அதற்குக் குறைந்ததைத் தொடவேண்டாம் என்றேன். எல்லாவற்றிலும் நல்லது, மட்டையில் ஊசித்துளை போட்டுக் கீழே விழும் வெளிச்சத்தைப் பார்ப்பது. இடியப்ப உரலின் அச்சுப் போதும் என்று காட்டினேன்.

வீடுகளில் இருந்த எக்ஸ்ரே பிலிம்களை வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் எந்த அலுமாரியைத் திறந்தாலும் ஒன்று இருக்கும். சண்டையில் தொடைக்குள் போன இரும்புத் துண்டு, தோளுக்குள் இரும்புத் துண்டு. ஒரு தாய், போன மகனுடைய பிலிமைச் சீலைத் துண்டில் சுற்றித் தந்தா. "திருப்பித் தருவியள்தானே?" என்று கேட்டா. எல்லாவற்றையும் பெயர் எழுதி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கிரகணம் முடிந்த பின்னேரமே திருப்பிக் கொடுத்தேன்.

றெஜினா கேட்டாள்: "பிலிமைக் கண்டா ஏனண்ணை பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?"

"சும்மா" என்றேன்.

மைக் என் கையில்

இனி அந்த முற்றத்துக்கு வருகிறேன். மோதிரங்கள் சீலையில் இரண்டு மூன்று நிமிடம் கிடந்தன. பிறகு ஒரு பக்கம் உடைந்து மறுபடி நகத்துண்டுகளாயின. சனத்துக்கு மூச்சு வந்தது. கதைக்கத் தொடங்கினார்கள். புதிதாய்க் கலியாணம் முடித்து வந்த ஒரு பெண் சவேரியிடம் கேட்டாள்: "ஐயா, நீங்கள் அந்த நாளில எதால பாத்தனீங்கள்?"

அவன் மணலைப் பார்த்தபடி சிரித்தான். "வெறுங்கண்ணாலதான் பிள்ளை. விசர்."

இடியப்ப உரலோடு நின்ற றெஜினா, "அதைச் சொல்லுங்கோ. நாலு பேர் கேக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

சனம் சிரித்தது. மைக் என் கையில் இருந்தது. வாயைத் திறந்தால் முற்றம் முழுக்கக் கேட்கும். நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், "இன்னும் முடியேல்லை, ஒருத்தரும் மேல பாக்கக் கூடாது" என்றேன். ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த இராயப்பருக்காவது சேவல் கூவியது. எனக்குக் காகம்தான் கத்தியது.

இந்தத் தொடரைச் சவேரியால் வாசிக்க முடியாது. எழுத்தை நேரே பார்த்தால் எழுத்து மறைந்துவிடும். பத்திரிகை வரும் நாளில் பின்னேரம் றெஜினாதான் சத்தமாய் வாசிப்பாள். அவன் கேட்டுவிட்டு, "உன்ர அண்ணன் நல்லாப் புளுகுறான்" என்பான். எனக்குத் தெரியும். எல்லா வாரமும் அந்த இரண்டு பேருக்காகத்தான் எழுதினேன்.

இதை எழுத அவனிடம் உத்தரவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான்.

றெஜினா, இங்கே நிறுத்தாதே, சத்தமாகவே வாசி. உன் புருசன் விசரன் இல்லை. அவன் வெறுங்கண்ணால் பார்க்கவில்லை. பிலிமைக் கொண்டுவந்தது நான். கழுவியதும் நான், வெட்டியதும் நான். நான் வேலையில் இருக்கவேண்டும் என்பதற்காக, உன் ஏச்சு முழுவதையும் அவன் வாங்கிக்கொண்டு இருந்தான். அதில் ஒரு சொல்லும் அவனுக்கு உரியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவேன். எனக்குச் சேரவேண்டியதை எனக்குத் தா.

இப்போது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவனைப் பார். அவன் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அங்கேதான் பார்க்கிறான்.